பாலை என்றால் பாழ்நிலமா?



பாலைவனம் ஒன்றை வரையச் சொன்னால் நம் பிள்ளைகள் என்ன வரைகிறார்கள்? இரண்டு மணல்மேடு, ஓர் ஒட்டகம், மேலே ஒரு பெரிய சூரியன். அவ்வளவுதான். அங்கே மனிதனை வரைகிற பிள்ளை குறைவு. மரத்தை வரைகிற பிள்ளை இல்லவே இல்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரியவர்களாகிய நம்முடைய எண்ணமும் அதுதானே? மழை ஓயாமல் பெய்யும் இந்த நாட்டில், வாசலைத் தாண்டினால் பால்மரமும் செம்பனையும் பார்த்து வளர்ந்த நமக்குப் பாலைவனம் என்றால் ஒன்றுமில்லாத இடம். யாருக்கும் வேண்டாத இடம்.

ஆனால் நம் முன்னோர் அப்படி நினைக்கவில்லை. நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது பாலையையும் அதில் ஒன்றாக வைத்தார்கள். பிரிவுக்கு உரிய நிலம் பாலை. பொருள் தேடிக் கொடும் வெயிலில் பாலையைக் கடந்து போகிறவனையும், அவனை எண்ணி வீட்டில் காத்திருக்கிறவளையும் சங்கப் புலவர்கள் எத்தனையோ பாடல்களில் பாடி வைத்தார்கள்.

இன்றும் பிரிவு நிறைந்த ஒரு பாலை நிலம் உலகின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே மண்ணைப் பிரித்திருக்கிறார்கள், தண்ணீரைப் பிரித்திருக்கிறார்கள், ஒரே குடும்பத்து மக்களையும் பிரித்திருக்கிறார்கள். அந்த நிலத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பூக்கும் பாலைவனம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தையும் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தையும் சேர்த்துப் பரந்து கிடப்பது சொனோரா பாலைவனம். பரப்பு சுமார் 1 லட்சம் சதுர மைல். கோடையில் வெப்பம் 45 டிகிரியைத் தாண்டும் நாட்களும் உண்டு. ஆயினும் அங்கே 2,000-க்கும் மேற்பட்ட செடிகொடி வகைகள் வளர்கின்றன. காரணம், ஆண்டுக்கு இருமுறை பெய்யும் மழை. குளிர்காலத்தில் மெல்லிய தூறல். கோடையின் நடுவே இடியோடு கூடிய பெருமழை.

அந்த நிலத்தின் அரசன் சவாரோ என்னும் கள்ளி. படத்தில் பார்த்திருப்பீர்கள், இரு கைகளையும் மேலே தூக்கிய மனிதனைப் போல நிற்கும். அது வளரும் வேகத்தைக் கேட்டால் வியப்பாக இருக்கும். முதல் 8 ஆண்டுகளில் அதன் வளர்ச்சி ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம்! கை முளைக்க 50 முதல் 70 ஆண்டுகள் ஆகும். மழை குறைந்த பகுதிகளில் 100 ஆண்டுகூட ஆகும். 40 அடிக்கு மேல் உயர்ந்து 150 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

சிறு வயதில் சவாரோ தனியே நிற்காது. வேறொரு மரத்தின் நிழலில் ஒண்டித்தான் பிழைக்கும். வெயிலையும் பனியையும் அந்த மரம் தாங்கிக் கொள்ளும். அதற்கு அங்குள்ளவர்கள் வைத்திருக்கும் பெயர் செவிலி மரம். வளர்ந்த பிறகு சவாரோ தன் கடனைத் தீர்க்கிறது. மரங்கொத்தி அதன் உடலில் துளையிட்டுக் கூடு கட்டும். மரங்கொத்தி போன பிறகு சிற்றாந்தை குடிவரும். இரவில் மலரும் வெள்ளைப் பூவில் வௌவால் தேன் குடிக்கும். அதன் சிவந்த பழம் மனிதருக்கும் விலங்குக்கும் உணவு.

பாலைவன மக்கள்

இந்த நிலத்துக்கு உரியவர்கள் தோஹோனோ ஓதாம் என்னும் பழங்குடி மக்கள். அவர்கள் மொழியில் அந்தப் பெயருக்குப் பாலைவன மக்கள் என்று பொருள். வெள்ளையர் நெடுங்காலம் இவர்களைப் பப்பாகோ என்று வேறு பெயரால் அழைத்து வந்தார்கள். 1986-ல்தான் தங்கள் சொந்தப் பெயரை அதிகாரபூர்வமாகத் திரும்பப் பெற்றார்கள்.

ஜூன் மாதக் கொடும் வெயிலில் குடும்பம் குடும்பமாகச் சவாரோப் பழம் பறிக்கப் போவார்கள். காய்ந்த சவாரோவின் நரம்புகளையே இணைத்து நீண்ட துரட்டி செய்து பழத்தைத் தள்ளிப் பறிப்பார்கள். பழத்தைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். அதைப் புளிக்க வைத்து, மழையை அழைக்கும் சடங்கு நடத்துவார்கள். மழை வந்தால் அவர்களுக்குப் புத்தாண்டு! சவாரோவை அவர்கள் மரம் என்று சொல்வதில்லை. தங்களைப் போன்ற மனிதர் என்றே மதிக்கிறார்கள்.

மழை வெள்ளம் ஓடி வந்து பரவும் இடத்தில் வரப்புக் கட்டித் தெப்பரி என்னும் சிறு அவரையையும் சோளத்தையும் பூசணியையும் விளைவித்தார்கள். ஓரிரு மழையிலேயே காய்த்துவிடும் பயிர் தெப்பரி அவரை. பிற்காலத்தில் அரசு கொடுத்த மாவும் சர்க்கரையும் கொழுப்பும் அவர்கள் அடுப்படிக்கு வந்தன, வயல்கள் தரிசாயின. இன்று உலகிலேயே நீரிழிவு நோய் மிக அதிகமாக உள்ள மக்களில் இவர்களும் அடங்குவர். இனிப்பு நீரால் காலை இழந்தவர்களை நம் லயங்களிலும் பார்த்திருக்கிறோம். அந்த வேதனை நமக்குத் தெரியும். இப்போது அவர்களில் பலர் தெப்பரி அவரையை மீண்டும் பயிரிடுகிறார்கள். நிலத்தைக் காப்பதும் உடம்பைக் காப்பதும் ஒன்றே என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

கேட்காமல் போட்ட கோடு

1853-ஆம் ஆண்டின் கடைசியில் அமெரிக்காவும் மெக்சிகோவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. மறு ஆண்டு அது நடப்புக்கு வந்தது. 1 கோடி டாலருக்கு மெக்சிகோ ஒரு பெரும் நிலப்பகுதியை அமெரிக்காவுக்கு விற்றது. புதிய எல்லைக்கோடு ஓதாம் மக்களின் நிலத்தின் நடுவே போனது. அந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டம் கைமாறியதை அடுத்த நாள் பெரட்டில்தான் தெரிந்துகொண்ட குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

நீண்ட காலம் அந்தக் கோடு காகிதத்தில் மட்டும் இருந்தது. மக்கள் இரு புறமும் போய் வந்தார்கள். அக்டோபரில் சொனோராவிலுள்ள மக்தலேனா ஊரின் திருவிழாவுக்குப் போனார்கள். கடற்கரைக்கு நடந்து போய் உப்பு எடுத்து வரும் புனிதப் பயணமும் நடந்தது. பிறகு வேலி வந்தது; காவல் வந்தது; பத்திரம் கேட்டார்கள். வீட்டிலேயே பிறந்த முதியவர்களிடம் பிறப்புப் பத்திரம் எங்கே இருக்கும்? தான் பிறந்த மண்ணில் தான் அந்நியன் அல்ல என்று காட்டக் காகிதம் தேடி அலைந்தார்கள். அடையாளக் கார்டுக்காக அப்படி அலைந்த குடும்பங்கள் நம்மிடையேயும் உண்டு அல்லவா?

இன்று அவர்களுடைய நிலம் சுமார் 62 மைல் தூரத்துக்கு எல்லையை ஒட்டியிருக்கிறது. 30,000-க்கும் அதிகமான மக்களில் சுமார் 2,000 பேர் மெக்சிகோ பக்கத்தில் வாழ்கிறார்கள். அவர்களும் அதே இனத்தின் உறுப்பினர்கள்தான்.

சுவர் வந்தது

ஓதாம் நிலத்துக்கு மேற்கே, எல்லையை ஒட்டி, ஆர்கன் பைப் என்ற கள்ளியின் பெயரால் ஒரு காப்பகம் உண்டு. அமெரிக்க அரசு 1937-ல் அமைத்தது. 1976-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. இப்படிப் பெயர் பெற்ற இடத்தில்தான் 2019 ஆகஸ்டில் எல்லைச் சுவர் வேலை தொடங்கியது. 30 அடி உயர இரும்புத் தூண்கள். இரண்டு தூண்களுக்கு நடுவே 4 அங்குல இடைவெளி.

காட்டையும் நீரையும் விலங்கையும் காக்க அமெரிக்காவில் சட்டங்கள் இல்லையா என்று கேட்பீர்கள். நிறைய உண்டு. ஆனால் எல்லைத் தடுப்பு கட்டுவதற்கு இடையூறாக இருக்கும் எந்தச் சட்டத்தையும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் விலக்கி வைக்கலாம் என்று 2005-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்த ஒன்றைக் கொண்டு மற்றவை எல்லாம் ஓரங்கட்டப்பட்டன.

சுவரின் வழியில் நின்ற சவாரோக்கள் பெயர்க்கப்பட்டன. 2020 பிப்ரவரியில் ஒரு குன்றுக்கு வெடி வைத்தார்கள். போரில் மாண்டவர்கள் அடக்கமான இடம் என்று ஓதாம் மக்கள் போற்றிய குன்று அது. நம் தோட்டத்துச் சுடுகாட்டில் சொல்லாமல் கொள்ளாமல் புல்டோசர் ஓட்டினால் நமக்கு எப்படி இருக்கும்? 2023-ல் அமெரிக்க அரசின் சொந்தத் தணிக்கை அலுவலகமே, சுவர் வேலை பண்பாட்டுச் சின்னங்களுக்கும் இயற்கைக்கும் கேடு செய்தது என்று அறிக்கை கொடுத்தது. சுவர் கட்டியவர்கள் அதை முன்பே ஒப்புக்கொண்டிருந்தால் வெடி வைத்திருக்க மாட்டார்கள்.

சுவர் தடுப்பது மனிதனை மட்டுமல்ல. 4 அங்குல இடைவெளியில் பல்லி போகும். கவைக்கொம்பு மான் போகுமா? அந்த மானினம் 2002-ன் கடும் வறட்சியில் அமெரிக்கப் பக்கத்தில் சுமார் 20 என்ற அளவுக்குக் குறைந்து போனது. பிறகு அடைப்பில் வைத்து வளர்த்துப் பெருக்கினார்கள். மெக்சிகோவிலிருந்து வடக்கே வரும் ஜாகுவார் புலிக்கும் இதே கதி. வெள்ளமும் சுவரைப் பார்த்து ஒதுங்கிப் போகாது. முன்பு அங்கே இருந்த கம்பி வேலியில் சருகும் குப்பையும் அடைத்துத் தண்ணீர் தேங்கியது. 2011 ஆகஸ்டில் ஒரு வெள்ளம் அந்த வேலியில் 40 அடித் துண்டையே பெயர்த்துக்கொண்டு போனது.

2021-ல் ஆட்சி மாறியதும் சுவர் வேலை நிறுத்தப்பட்டது. 2025-ல் மறுபடியும் ஆட்சி மாறியதும் பெரும் பணம் ஒதுக்கி மீண்டும் தொடங்கினார்கள்.

அமெரிக்க அரசு சொல்லும் காரணத்தையும் சொல்லிவிட வேண்டும். போதைப் பொருள் கடத்தலைத் தடுக்க வேண்டும், அனுமதியின்றி நுழைவோரைத் தடுக்க வேண்டும் என்பது அதன் வாதம். கடத்தல்காரர்களால் ஓதாம் மக்களும் தொல்லைப்படுகிறார்கள். கடத்தல்காரரின் காலடித் தடம் பார்த்துப் பிடிக்கும் நிழல் ஓநாய்கள் என்ற பழங்குடியினர் படை 1970-களிலிருந்தே அங்கே உண்டு. கார்கள் எல்லை தாண்டாதிருக்கக் குட்டைத் தடுப்புகளுக்கும் ஓதாம் மன்றம் சம்மதித்தது. அவர்கள் மறுப்பது நிலத்தைத் துண்டாக்கும் சுவரைத்தான். எங்கள் மொழியில் சுவர் என்பதற்குச் சொல்லே இல்லை என்கிறார்கள்.

ஒரு குளத்தின் கதை

அந்தக் காப்பகத்தில், எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில், கீட்டோபாகிட்டோ என்று ஓர் ஊற்று இருக்கிறது. அதையொட்டி ஒரு சிறு குளம். சுற்றிலும் பல மைலுக்கு வேறு நீர் கிடையாது. இரண்டு அங்குலம்கூட இல்லாத ஒரு சிறு மீனினம் அமெரிக்காவில் இயற்கையாக வாழ்வது இந்த ஊற்றில் மட்டும்தான். ஒரு சிறு ஆமையினமும் அப்படியே.

2020-ல் சுவர் வேலை நடந்தபோது இந்தக் குளம் வற்றத் தொடங்கியது. சுவரின் காங்கிரீட்டுக்கு நிலத்தடி நீரை இறைத்தார்கள்; அதுதான் காரணம் என்றார்கள் ஓதாம் மக்களும் இயற்கை ஆர்வலர்களும். ஊற்றுக்கு 5 மைலுக்குள் கிணறு தோண்டவில்லை என்றது அரசு. நீண்ட வறட்சியும் குளத்தின் கசிவும் காரணம் என்றது காப்பக நிர்வாகம். அந்த செப்டம்பரில் ஓர் ஓதாம் பெண் சுவர் கட்டும் இயந்திரத்தின் முன் போய் நின்றார். கைது செய்தார்கள். 2022 ஜனவரியில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அவர் செய்தது தம் சமய நம்பிக்கையின்படியான செயல் என்பதை நீதிபதி ஏற்றுக்கொண்டார். குளத்தையும் பிறகு கசியாதபடி செப்பனிட்டார்கள். மீன்கள் பிழைத்தன.

இந்தக் குளத்துக்கு அதற்கும் முந்திய கதை ஒன்று உண்டு. அதைத்தான் நீங்கள் மறக்காமல் நினைவில் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முன்பு குளக்கரையில் ஓதாம் குடும்பங்கள் குடியிருந்தன. வாய்க்கால் வெட்டி, அத்தியும் மாதுளையும் வளர்த்து, பயிரிட்டு வாழ்ந்தன. இயற்கையைக் காக்க வேண்டும் என்று 1950-களில் காப்பக நிர்வாகம் கடைசிக் குடும்பத்தின் உரிமையைப் பணம் கொடுத்து வாங்கியது. வீடுகளை இடித்தது. மனிதன் போய்விட்டால் பறவைகள் பெருகும் என்று எண்ணினார்கள்.

நடந்தது வேறு. கேரி நப்ஹான் என்ற தாவர அறிஞர், இந்தக் குளத்தையும் எல்லைக்கு அப்பால் மெக்சிகோவில் ஓதாம் மக்கள் தொடர்ந்து பயிர் செய்துவந்த இன்னொரு குளத்தையும் ஒப்பிட்டு 1982-ல் ஒரு நூலில் எழுதினார். மக்கள் பயிர் செய்த குளத்தில், காப்பகத்துக் குளத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு பறவை இனங்கள் காணப்பட்டன! வாய்க்காலும் வயலும் பழமரமும் வேலிச் செடியும் பறவைகளுக்கு இரையும் இடமும் கொடுத்தன. நிலத்தை அழித்தவர்கள் அங்கு வாழ்ந்த மக்கள் அல்லர். நிலத்தை வளப்படுத்தியவர்களே அவர்கள்தாம்.

புல்லும் பகையானது

சுவர் ஒரு பக்கம் என்றால் புல் இன்னொரு பக்கம். மாட்டுத் தீவனத்துக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் 1930-களில் ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு புல்லை அரிசோனாவுக்குக் கொண்டுவந்தார்கள். அது நமக்கு அந்நியமான புல் அல்ல. தமிழ்நாட்டில் கொங்குச் சீமையின் கொறங்காட்டில் காங்கேயம் மாடுகள் மேயும் கொழுக்கட்டைப் புல்தான் அது. அங்கே அது செல்வம். மாடு தின்று கட்டுக்குள் வைக்கிறது.

சொனோராவிலோ அது கட்டவிழ்ந்து ஓடியது. அந்தப் பாலைவனத்துச் செடிகள் நெருப்பு அறியாதவை. இடையிடையே வெற்று மண் இருப்பதால் தீ பரவ வழி இருந்ததில்லை. இந்தப் புல் அந்த வெற்றிடங்களை எல்லாம் நிரப்பிக் காய்ந்து நிற்கிறது. ஒரு பொறி போதும், மலைச்சரிவே எரியும். நூறாண்டு நின்ற சவாரோ மாண்டுபோகும்; புல்லோ லாலானைப் போல வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். லாலானோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் குணம் புரியும்.

2005-ல் அரிசோனா அரசு இதைக் கேடு தரும் களையாக அறிவித்தது. டூசான் நகரத்து மக்கள் விடுமுறை நாளில் கடப்பாரையோடு மலையேறிக் குத்துக் குத்தாக வேரோடு பெயர்க்கிறார்கள். கூலி கிடையாது. இந்த ஆண்டு பிடுங்கிய இடத்தில் அடுத்த ஆண்டும் முளைக்கும். அடுத்த ஆண்டும் போவார்கள்.

தாகத்துக்குத் தண்ணீர்

1990-களின் நடுவில் அமெரிக்கா எல்லை நகரங்களில் காவலைப் பலப்படுத்தியது. பாலைவனத்தின் கொடுமையே மனிதரைத் தடுத்துவிடும் என்று கணக்குப் போட்டார்கள். வறுமை அந்தக் கணக்கைக் கேட்கவில்லை. பிழைப்புத் தேடி வந்தவர்கள் நகரத்தை விட்டுப் பாலைவனத்தின் உள்ளே நடந்தார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து தென் அரிசோனாவில் மட்டும் ஆயிரக்கணக்கானோரின் உடல்கள் கிடைத்திருக்கின்றன. பலருக்குப் பெயர்கூடத் தெரியவில்லை. பொருள் தேடிப் பாலையைக் கடந்தவனைப் பாடிய தமிழை நினைத்துக்கொண்டால் நெஞ்சு கனக்கிறது. அவர்களுக்காக எந்த ஊரிலோ யாரோ காத்திருக்கிறார்கள்.

2000-ல் டூசான் நகரில் சிலர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். பாலைவனத்தில் தண்ணீர்ப் பீப்பாய்கள் வைத்து, தூரத்திலிருந்து தெரிய நீலக்கொடி கட்டினார்கள். அஹோ என்ற சிற்றூரில் ஒரு புவியியல் ஆசிரியர், எல்லை தாண்டி வந்த இருவருக்கு உணவும் நீரும் இடமும் கொடுத்ததற்காக 2018-ல் கைதானார். 2019 நவம்பரில் நடுவர்கள் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். தண்ணீர்ப் பந்தல் வைப்பதை அறமாகக் கொண்ட நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது. வழக்குப் போட்டார்களே என்பதுதான் வியப்பு.

நமக்கு இதில் என்ன?

எங்கோ இருக்கும் பாலைவனத்தைப் பற்றித் தோட்டத்தில் இருக்கும் நாம் ஏன் யோசிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுவர் கட்டியவர்களும் மக்களைக் கேட்கவில்லை. காப்பகம் அமைத்தவர்களும் கேட்கவில்லை. புல்லைக் கொண்டுவந்தவர்களும் கேட்கவில்லை. மூவரும் நல்ல காரணம்தான் சொன்னார்கள். மூவரும் அந்த இடத்தை வெறும் நிலமாகப் பார்த்தார்கள். அங்கே நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்து, எந்த மரம் எதற்கு நிழல், எந்தப் பள்ளத்தில் எப்போது வெள்ளம் வரும் என்று அறிந்தவர்களை அறிவுள்ளவர்களாக அவர்கள் எண்ணவில்லை.

ஆகவே பெற்றோர்களே, இன்று இரவு பிள்ளைகளிடம் உலகப் படத்தை விரித்துச் சொனோரா எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். ஆற்றையும் காட்டையும் மலையையும் பற்றிய எந்தச் செய்தியைப் படித்தாலும், "அங்கே யார் இருக்கிறார்கள்? அவர்களைக் கேட்டார்களா?" என்று கேட்கப் பழக்குங்கள். அந்த இரண்டு கேள்விகளையும் நம் ஊர் ஆற்றுக்கும் நம் தோட்டத்து நிலத்துக்கும் சேர்த்தே கேட்கட்டும். அடுத்த முறை பாலைவனம் வரையும்போது ஒட்டகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டையும், அதன் வாசலில் ஒரு குடும்பத்தையும் அவர்கள் வரைந்தால், பாடம் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.